அசையாத கோபம்

அவளைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவள் இருக்கிறாளா, போய்ச் சேர்ந்தாளா என்றுகூடத் தெரியாது. இருந்தும் யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு "இப்படிப் பாருங்க பாட்டி" என்று வந்தால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். போன வருஷம் பேத்தி கல்யாணத்தில் படம் எடுக்க வந்த ஆளிடம் "தூரப் போய்யா" என்று எரிந்து விழுந்தேன். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். அந்த ஆள் மேல் ஒரு தப்பும் கிடையாது.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளைத் தெரிந்த யாராவது வந்து "அவளா, தங்கமான பிள்ளையாச்சே" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் இருவரும் படித்தோம். அவள் உள்ளூர்க்காரி, மத்தியானச் சாப்பாடு மட்டும் விடுதியில். கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள்; அப்பா வாத்தியார். நான் சேவுகம்பட்டிப் பக்கத்துக் கத்திரிக்காய்த் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவள். இரண்டாம் வருஷம் ஒவ்வொரு ஜோடியும் ஓர் ஆண்டுப் பணி செய்து ஒப்படைக்க வேண்டும், மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. மற்றவர்கள் இலைகளைக் காய வைத்து ஒட்டினார்கள், களிமண்ணில் காந்தித் தாத்தா செய்தார்கள். எனக்கு ஜோடியாக வந்து வாய்த்தவள் "நாம மூஞ்சி எடுப்போம்" என்றாள்.

அவளுடைய சித்தப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெட்டிக் கேமரா ஒன்று அவளிடம் இருந்தது. பார்க்கக் கறுப்புத் தகர டப்பா. அதற்குள் போடும் பிலிம் சுருளில் பன்னிரண்டு படம்தான் எடுக்கலாம். பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம், மதுரைக்குச் சொல்லிவைத்து ஒரே ஒரு சுருள் வாங்கியிருந்தாள். பன்னிரண்டு ஆள், ஆளுக்கு ஒரு படம். தப்பினால் தப்பினதுதான்.

ஓவிய டீச்சருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நவரசமும் வர்ற மாதிரி எடுங்கம்மா" என்றார்.

"ரசம் ஹாஸ்டல்லயே ஊத்துறாக டீச்சர். எனக்கு மொகம் போதும்" என்றாள் இவள். வகுப்பே சிரித்தது. அவளுக்கு வாய் அப்படி.

நெட்டையாக, ஒடிசலாக, இடது கைப் பழக்கக்காரி. எந்நேரமும் வாயில் உப்புப் போட்ட நெல்லிக்காய் ஒன்று அதக்கியிருப்பாள். அந்தக் கேமராவைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேலே உள்ள சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தால் எதிரில் நிற்பவர் தெரிவார். பொருத்தமாக வைத்துக்கொண்ட பிறகு அவள் குனியவே மாட்டாள். நிமிர்ந்து எதிராளியின் கண்ணையே பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். விரல் மட்டும் கீழே, அழுத்தினால் படம் விழுகிற அந்தச் சின்ன நெம்பின் மேல் இருக்கும். எடுக்கிறாளா, சும்மா நிற்கிறாளா என்று எதிராளிக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் படம் என்றால் ஜனங்கள் விறைத்துப் போவார்கள். பவுடரை அப்பிக்கொண்டு, கைக்கடிகாரம் தெரிகிற மாதிரி கையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "போட்டோன்னா அம்புட்டுப் பேரும் சாமி செலையாட்டம் நிக்கிறாக. சாமியை எடுக்க நம்மகிட்டப் பிலிம் இல்லைடி. மனுச மொகம் வேணும்" என்பாள்.

மனுச முகத்தை எப்படி வரவழைப்பது? சிரிக்க வைக்கலாமே என்று கேட்டேன். சிரித்தால் தலை ஆடும் என்றாள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மூடி மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும், அதற்குள் ஆள் அசைந்தால் முகம் கலங்கிவிடும். அழ வைத்தால் குனிந்துகொள்வார்கள். கத்துகிற கோபமும் உதவாது, கை கால் ஆடும். "ஒரு வார்த்தை சொல்லணும். கேட்டதும் ஆளு அப்படியே நிக்கணும். அந்தக் கோவம்தான் அசையாது" என்றாள்.

இதுதான் அவள். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில், எந்த வார்த்தை சொன்னால் இவர் அப்படியே நின்றுவிடுவார் என்று தேடத் தொடங்கிவிடுவாள்.

அந்த வார்த்தையைத் தேடிக் கொடுக்கும் வேலை என்னுடையது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் தோட்டக்காரர் வீட்டுப் பெண், எனக்கு யாரோடும் உட்கார்ந்து பேச வரும். அவளைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள்கூட என்னிடம் எல்லாம் சொல்வார்கள். நான் வந்து அவளிடம் சொல்வேன். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெயில் வேட்டியில் பட்டு ஆளின் முகத்தில் வெளிச்சம் விழும்.

பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவரை எடுத்தோம். அரம் பிடித்து ராவிக்கொண்டிருந்தார். கைச்சுத்தம் உள்ள மனிதர் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். இவள் மேலுதட்டைப் புறங்கையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். வார்த்தை வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ரெண்டு மூன்று படத்துக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. "அண்ணே, ஒங்க பூட்டுல ஒண்ணோட சாவி இன்னொண்ணுக்கும் சேருமாமே?" என்றாள். மனிதர் அரத்தோடு அப்படியே நின்றார். நெம்பு இறங்கியது. அதற்கு அப்புறம் நாங்கள் பட்ட பாடு! பட்டறையில் இருந்த இருபது பூட்டையும் எடுத்துப் போட்டு, "சேருதான்னு பாரு, ஒவ்வொண்ணாப் போட்டுப் பாரு" என்று சாவிகளைக் கையில் திணித்தார். ஒன்றும் சேரவில்லை. மத்தியானச் சாப்பாடு போயிற்று. வரும் வழியெல்லாம் சிரித்தோம்.

விடுதிச் சமையற்கார அம்மா விஷயத்தில் நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரே மகன், மதுரையில் மில் வேலை. ரெண்டு வருஷமாய் வந்து பார்க்கவில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே இதைப் பிடுங்கி வந்து இவளிடம் கொடுத்தேன். மறுநாள் காலை, அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாவிடம் இவள் கேட்டாள். "ஒங்க மகன் அவுக மாமியாருக்குப் பொங்கச் சீலை எடுத்துக் குடுத்தாகளாமே. ஒங்களுக்கு என்ன எடுத்தாக?"

மாமியார் சீலையெல்லாம் இவளே இட்டுக்கட்டியது. கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. இவள் எடுத்து முடித்து, பிலிமைச் சுற்றும் சாவியைத் திருகிக்கொண்டே போய்விட்டாள். ஒரு "மன்னிச்சுக்கங்க" கிடையாது. அன்று ராத்திரி எல்லோருக்கும் பரிமாறிய அம்மா என் தட்டுக்கு வரும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டவள் அவள், பார்வை கிடைக்காமல் போனது எனக்கு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏன்டி, பாவமில்லையா?" என்று கேட்டேன்.

"பாவம்தான். ஆனா அந்த மொகத்தை நீ பாத்தியா? அம்புட்டு வருசம் சோறாக்கிப் போட்ட மொகம்டி அது. யாராச்சும் ஒரு நாளு நிமிந்து பாத்துருக்கமா?"

இப்படித்தான் பேசுவாள். மறுக்க முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. நிஜத்தைச் சொன்னால், எனக்கு அது பிடித்தும் இருந்தது. யாரும் கவனிக்காத கத்திரிக்காய்த் தோட்டத்துப் பெண்ணுக்கு ஊரார் மனசில் எங்கே வலிக்கும் என்று தெரிந்திருக்கிறது. அது ஒரு ருசி.

அவளிடம் நல்ல குணமே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது பத்து நாள் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். ஒரு தரம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், கீரைக்கட்டோடு ஏறிய கிழவரை "டேய், எறங்குடா" என்றான். பஸ்ஸே வாயை மூடிக்கொண்டிருந்தது. இவள் எழுந்து நின்று, "ஒங்க அப்பாவையும் வீட்ல டேய்னுதான் கூப்புடுவீகளா?" என்று கேட்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று. கிழவருக்குத் தன் இடத்தையே கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் என் காதோடு சொன்னாள். "ச்சே, பெட்டியைக் கொண்டாராமப் போயிட்டனே. எப்படி நின்னான் பாத்தியா?"

தைப்பொங்கல் வருவதற்குள் பதினொரு படம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவதை எங்கள் ஊரில் எடுக்கலாம் என்று கூட வந்தாள். நான்தான் கூப்பிட்டேன்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து நாலு வருஷம், குழந்தை இல்லை. தீபாவளிக்கு என்று கொண்டுவந்து விட்ட புருஷன் திரும்பக் கூப்பிட வரவே இல்லை. அக்கா அதற்கெல்லாம் முகம் வாடுகிறவள் இல்லை. எந்நேரமும் சிரித்த முகம். வேலை மும்முரம், வந்துவிடுவார் என்று அவளே எங்களுக்கு ஆறுதல் சொல்வாள். கார்த்திகையில் எங்கள் மாமா ஒரு சேதி கொண்டுவந்தார். அந்த ஆள் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டான். ஒருவனுக்கு ஒருத்திதான் என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் எங்கள் பக்கம் பஸ் ஏறி வரவில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அய்யாவும் மாமாவும் தோட்டத்துக் கிணற்றடியில் பேசியதைக் கேட்டேன். "தை அஞ்சாந் தேதி சீரோட கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவோம். இவளுக்கு எதுவும் தெரிய வேணாம்" என்றார் மாமா. "தெரிஞ்சா இங்கயே குந்திக்கிருவா. அங்க போயித் தெரிஞ்சா நாலு நாளு அழுதுட்டு இருந்துக்கிருவா. மூத்தவளுக்குள்ள மரியாதை இல்லாமயா போயிரும்?" அய்யா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கேட்டுவிட்டது தெரிந்து, ஆத்தா என்னை இழுத்துப்போய் விளக்கின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். அக்கா அன்று நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோக ரெண்டு சட்டி ஊறுகாய்.

இதைத்தான் நான் பொங்கலுக்குப் போகும்போது பஸ்ஸில் இவளிடம் சொன்னேன். செம்பட்டி தாண்டி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். அக்காவுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன், ரெண்டு தரம் சொன்னேன். அவள் நெல்லிக்காயை அதக்கியபடி கேட்டுக்கொண்டே வந்தாள். ஏன் சொன்னேன்? மனசு தாங்காமல் சொன்னேன் என்றுதான் ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை. கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகள் களத்தில் நின்றன. தொழுவத்துச் சுவரை ஒட்டி அக்காவை நிறுத்தினாள். அக்கா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், பவுடர் வேறு. நான் பக்கத்தில் வேட்டியை விரித்துப் பிடித்தேன்.

"ஏ தாயி, ரெண்டு படமா எடு. ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள் அக்கா.

"ஒண்ணுதான்க்கா இருக்கு."

"அப்ப அதை அவுகளுக்கே குடுத்துருவோம்" என்று சிரித்தாள் அக்கா.

இவள் புறங்கையால் மேலுதட்டைத் துடைத்தாள். நான் பார்த்தேன். "வேணாம்டி" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். வேட்டியைப் போட்டுவிட்டு நடுவில் போய் நின்றிருக்கலாம். நான் வேட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்து, வெளிச்சம் அக்கா முகத்தில் சரியாக விழுகிற மாதிரி பிடித்தேன்.

"அவுகளுக்கு எதுக்குக்கா? அவுகதான் கார்த்தியலயே வேற ஒருத்திக்குத் தாலி கட்டிட்டாகளே."

அப்போது என் கண் அக்காவின் மேல் இல்லை. இவளுடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெம்பு இறங்கியது. வேட்டியை உதறிவிட்டுப் போய், இவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். வாழ்க்கையில் நான் ஒருவரை அறைந்தது அந்த ஒரு தரம்தான். கன்னத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை அவள். சுருள் முடியும்வரை சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அந்தக் கறக் கறக் சத்தத்தை நினைத்தால் இப்போதும் இன்னொரு அறை விடலாம் போலிருக்கிறது.

அக்கா நேராக, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்த அய்யாவிடம் போனாள்.

"அய்யா, நெசமா?"

"நல்ல நாளும் அதுவுமா..." என்று இழுத்தார் அய்யா.

"நெசமான்னு கேட்டேன்."

அய்யா மாட்டின் கழுத்தைத் தடவினார். ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மாமா இவள் மேல் பாய்ந்தார். "வேதக்காரப் புள்ளைய வீட்டுக்குள்ள விட்டது எங்க தப்பு. குடியைக் கெடுத்துட்டியே!" என்று கத்தினார். அக்கா உள்ளே போனாள். துணி கட்டி வைத்திருந்த ஊறுகாய்ச் சட்டி ரெண்டையும் தூக்கி வந்து மாமாவின் காலடியில் வைத்தாள்.

"அஞ்சாந் தேதி நீங்களே கொண்டுபோயிக் குடுத்துட்டு வாங்க மாமா. சீரு மட்டும் போகட்டும். நான் போகலை."

அதோடு சரி. அழுது, அதட்டி, பட்டினி போட்டும் பார்த்தார்கள். அக்கா போகவில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலமே நாங்கள் திரும்பினோம். பஸ்ஸில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். செம்பட்டியில் கூட்டம் இறங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் என் விரல் இன்னும் லேசாகத் தெரிந்தது.

"நீ ஏன் ஒங்க அக்காகிட்டச் சொல்லலை?" என்றாள்.

"விளக்கு மேல சத்தியம் பண்ணிருந்தேன்."

"என்கிட்டச் சொன்னப்ப அந்தச் சத்தியம் எங்க போச்சு?"

"அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒன் கால்ல விழுறேன். எல்லாத்தையும் மறந்துர்றேன்" என்றேன்.

நெல்லிக்காய்க் கொட்டையைத் துப்பினாள். "இல்லைடி. படத்துக்குத்தான் சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றையே சொல்வார்கள். எப்படியோ, நல்லதுதானே நடந்தது? கண்ணைக் கட்டிக் கிணற்றில் தள்ள இருந்த பெண் பிழைத்தாளே? பிழைத்தாள்தான். என் கோபம் அதனால் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஒரு பெண்ணின் தலையில் இடியைப் போட்டு, அந்த முகம் நல்ல வெளிச்சத்தில் இருக்கிறதா என்று பார்த்தவள் அவள். நல்லது அவளைக் கேட்டு நடக்கவில்லை. அவளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. அவளும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பன்னிரண்டாவது படத்தை வைக்காதே என்று கேட்டேன், கெஞ்சினேன், ஓவிய டீச்சரிடம் போய் அழுதேன். டீச்சர், "படத்துல தப்பா ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். நான் பார்க்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

பங்குனியில் பள்ளி ஆண்டு விழா. வராந்தாவில் எல்லாருடைய வேலையும் பரப்பியிருந்தது. இலைகளையும் களிமண் பொம்மைகளையும் தாண்டிக் கூட்டம் எங்கள் படங்களின் முன்னால்தான் நின்றது. கறுப்பு அட்டையில் பன்னிரண்டு முகம். பெயர் எழுதவில்லை. அரத்தோடு பூட்டுக்காரர், கரண்டியோடு சமையற்கார அம்மா. ஒரு முகமும் சாமி சிலையாக இல்லை. அந்த அம்மாவின் முகம் அத்தனை அழகு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்காகவும் கோபம் வந்தது.

கடைசிப் படத்தின் முன்னால் நின்ற ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "இந்தப் பொண்ணு கேமராவைப் பாக்கலை பாருங்க. ஓரத்துல யாரையோ பாக்குறா."

அப்போதுதான் நான் பார்த்தேன். அக்காவின் முகம் நேராகத்தான் இருந்தது. வாயில் அந்தச் சிரிப்பின் மிச்சம்கூடக் கலையவில்லை. கண் மட்டும் திரும்பியிருந்தது. சொன்னவளை அது பார்க்கவில்லை. பக்கத்தில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்தைப் பார்த்தது. அந்த ஒரு நொடியில் அக்கா எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருக்கிறாள். அசலூர்ப் பெண்ணுக்கு இது யார் சொல்லித் தெரியும்? அவளிடம் சொன்ன தங்கச்சிக்கு எத்தனை நாளாய்த் தெரியும்? அந்தக் கண்ணில் இருந்த கோபம் அசையவே இல்லை. நன்றாக விழுந்திருந்தது. வெளிச்சம் நான் கொடுத்தது.

வராந்தாவைவிட்டு ஓடிவிடலாம் என்று திரும்பினேன். எதிரே அக்கா வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் பூக்கூடையோடு. புருஷன் வீடு போக மறுத்த நாளிலிருந்து அய்யா அவளோடு பேசுவதில்லை. அவள் பக்கத்துத் தோட்டங்களில் கனகாம்பரமும் மல்லிகையும் வாங்கி, காலை பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியிருந்தாள். விழாவுக்கு வரச்சொல்லி இவள்தான் அக்காவுக்குக் கார்டு போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

அக்கா முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் தன் முகத்தின் முன்னால் நின்றாள். இவள் அக்காவின் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ரெண்டு எட்டுத் தள்ளி நின்றேன்.

"அன்னிக்கு நான் ஒன்னையப் பாக்கவே இல்லையாக்கும்?" என்றாள் அக்கா.

"இல்லைக்கா. பிலிமைக் கழுவுனப்பதான் எனக்கே தெரிஞ்சது."

அக்கா தலையை ஆட்டினாள். "ஒன் மேல எனக்குக் கோவம் இல்லை தாயி. நீ அசலூருப் புள்ள. ஒனக்கு ஒரு படம் வேணும்னுச்சு, எடுத்துக்கிட்ட."

"அக்கா" என்றேன் நான். இன்னொரு தரம் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்டது. தோள் லேசாக நின்றதை நான் பார்த்தேன். திரும்பவில்லை.

கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து ஒரு முழம் அளந்து கிள்ளினாள். "திரும்பு புள்ள" என்று சொல்லி இவளுடைய சடையில் வைத்துவிட்டாள். "காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. காப்பி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"வாங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் இவள்.

இருவரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். கூடையில் பூ நிறைய இருந்தது. எனக்கு வைக்கவில்லை.